ஸ்டெல்லா அக்கா, மூவாயிரம் வெள்ளி, ஒரு பதினெட்டு டயர் லோரி

ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க...

பிரிக்பீல்ட்ஸ்ல, வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில கம்ப்யூட்டர் சாமான் கடை வச்சிருந்தாங்களே, அவங்கதான். நேத்து சாயந்திரம் ஹார்ட் அட்டாக்காம். இன்னைக்குக் காலையில அவங்க மகள் மெசேஜ் அனுப்பியிருந்தா.

அடுப்படியில நின்னு நல்லா அழுதேன். அழுது முடிக்கிறதுக்குள்ள சிரிப்பும் வந்துடுச்சு. அவங்கள நினைச்சா அப்படித்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி. போனஸ் பணம் மூவாயிரம் வெள்ளியைக் கைப்பையில வச்சுக்கிட்டு, கிள்ளான்ல ரயில் ஏறி அவங்க கடைக்குப் போனேன்.

யார் வந்தாலும் அவங்களுக்கு 'பாஸ்'. காலேஜ் பிள்ளைங்களும் பாஸ், என்னை மாதிரி சேலை கட்டின ஆன்டியும் பாஸ். விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரு தாளை எடுத்து மேல "என்னத்துக்கு?"ன்னு எழுதுவாங்க. அதுக்குப் பதில் வராம லிஸ்ட் ஆரம்பிக்காது.

"பையன் ஃபார்ம் ஃபோர் படிக்கிறான்க்கா. டியூஷன், ஸ்கூல் வேலை..." வீட்லயும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

மளமளன்னு எழுதினாங்க. ஆயிரத்து எண்ணூறு. "மிச்சத்தை பேங்க்ல போடு பாஸ்."

"கிராபிக்ஸ் கார்டு எழுதலையேக்கா?"

"டியூஷனுக்கு எதுக்குலா அது?"

"சயின்ஸ் பாடத்துக்கு..."

"எந்த சயின்ஸ்?"

என் கண்ணு அலமாரியில இருந்த ஸ்டீரிங் செட் பக்கம் போய்ப் போய் வந்ததை அவங்க கவனிச்சிட்டாங்க. பேனாவை மூடி வச்சாங்க. "உண்மையைச் சொல்லு. யாருக்கு இது?"

எனக்குத்தான். லோரி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்கு, அதுக்கு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நான் போர்ட் கிள்ளான்ல ஒரு லோரி கம்பெனி கிளார்க். அப்பவே பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஜொகூர், பினாங்கு, தாய்லாந்து பார்டர்... எந்த லோரி எங்க போகணும்னு எழுதிக் கொடுக்கிறது நான். நான் மட்டும் நாற்காலியில.

ஒரு தடவை, லோரி லைசன்ஸ் எடுக்கட்டுமான்னு கேட்டேன். ஆபீஸே சிரிச்சுது. வீட்ல சொன்னா வீட்டுக்காரரும் "நீயா?"ன்னு சிரிச்சார். அவர் கெட்டவர் இல்லை... ஆனா அந்தச் சிரிப்பு வலிச்சது. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை.

அக்காவும் சிரிச்சாங்க. கீழ சாப்பிடுறவங்களுக்கே கேட்டிருக்கும். சிரிச்சு முடிச்சிட்டு, "எத்தனை டயர்?"ன்னு கேட்டாங்க.

"பதினெட்டு."

பழைய தாளைக் கசக்கிப் போட்டுட்டுப் புதுத் தாளை எடுத்தாங்க.

கலர் கலரா லைட் எரியிற கண்ணாடிக் கேஸ் வேணும்னேன். "லைட் வேணும்னா தீபாவளிக்கு வாசல்ல போட்டுக்க"ன்னு சொல்லி, ஓரம் நசுங்கின கறுப்புக் கேஸ் ஒண்ணைப் பாதி விலைக்கு எழுதினாங்க. ரேம் இப்போதைக்கு ஒண்ணு போதும், அடுத்த போனஸ்ல இன்னொண்ணு. மானிட்டர் யாரோ மாத்திட்டுப் போன பழசு. கார்டுல மட்டும் கை வைக்கலை.

பவர் சப்ளையில அம்பது வெள்ளி குறைக்கலாமான்னு கேட்டதுக்கு முறைச்சாங்க பாருங்க... "அது போச்சுன்னா எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடும் பாஸ்."

ஸ்டீரிங்கோட சேர்த்தும் மூவாயிரத்துக்குள்ள முடிச்சாங்க. மிச்சத்துல கீழ போய் ரெண்டு பேரும் இலை போட்டுச் சாப்பிட்டோம்.

ஸ்டீரிங்கை வீட்டுக்கு எப்படிக் கொண்டு போறது? அக்காதான் ஒரு ரைஸ் குக்கர் பெட்டியில போட்டு டேப் ஒட்டிக் கொடுத்தாங்க. வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துட்டு, "நல்லதாப் போச்சு, பழைய குக்கர் அடி பிடிக்குது"ன்னார்!

ஸ்டீரிங்கைச் சேலை அலமாரிக்குள்ள ஒளிச்சிட்டு, மறுநாளே ஓடிப் போய் நிஜமாவே ஒரு குக்கர் வாங்கினேன். போன் பண்ணிச் சொன்னா, அக்கா மூச்சு விட முடியாம சிரிக்கிறாங்க. "பட்ஜெட்ல குக்கர் எழுத மறந்துட்டேன் பாஸ்!"

முதல் நாள் கேம்ல படம் திக்கித் திக்கி ஓடுச்சு. திரும்பவும் போன். "செட்டிங்ஸ்ல நிழலை ஆஃப் பண்ணு. லோரி ஓட்டுறவளுக்கு நிழல் எதுக்கு?" ஆஃப் பண்ணேன்... பனி கொட்டுற ரோட்ல திக்காம வழுக்கிக்கிட்டுப் போச்சு என் லோரி. சந்தோஷத்துல கத்திட்டேன்.

ஒரு சனிக்கிழமை கிள்ளான்ல சொந்தக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம்னு வந்த அக்கா, பட்டுச் சேலையோட என் வீட்டுக்கு வந்துட்டாங்க. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், பையன் டியூஷனுக்கு. செருப்பைக் கழட்டிட்டு பெடல்ல காலை வச்சாங்க.

ரிவர்ஸ் எடுக்கவே முக்கால் மணி நேரம். டிரெய்லர் அவங்க சொன்ன பக்கம் தவிர எல்லாப் பக்கமும் போகுது. ஒரு டப்பா முறுக்கு காலி. கடைசியில பெட்ரோல் ஸ்டேஷனை இடிச்சிட்டு, "இந்த ஊர்க்காரனுங்களுக்கு ரோடு போடத் தெரியலைலா"ன்னு எழுந்தாங்க.

போகும்போது வாசல் கேட் பக்கத்துல நின்னு சொன்னாங்க. "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு பாஸ். சிரிச்சா சிரிக்கட்டும்."

தலையாட்டினேன். சொல்லலை.

பையன் காலேஜ் போயிட்டான், அவனுக்கு லேப்டாப். கம்ப்யூட்டர் முழுசா எனக்கு. நான் அறைக் கதவைச் சாத்தினா, ஆபீஸ் வேலை பார்க்கிறேன்னு நினைச்சு அவர் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். பாவம் மனுஷன்.

இன்னைக்குக் காலையில கேட்டார். "கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாவுக்கா இவ்வளவு அழுகை?" அவர் வேலைக்குக் கிளம்பினதும் இந்தப் போஸ்ட்டை எழுத உட்கார்ந்தேன்.

ஏங்க... சாப்பாட்டு நேரத்துல இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அது பையன் படிப்புக்கு வாங்கினது இல்லை. எனக்கு வாங்கினது. ஆறு வருஷமா நான் லோரி ஓட்டுறேன். நல்லா ஓட்டுறேன்.

நாளைக்குக் காலையில பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சுல அடக்கப் பூசை. என்னைக் கூட்டிட்டுப் போங்க.

அக்கா, இது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். இப்போ எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

நிம்மதியாப் போங்க.