மந்திரித்த தகடு

மெலானியாவிடம் யாராவது ஒரு பொருளை "நல்லது" என்று சொன்னால் போதும், அவள் மூக்கு தானாகச் சுருங்கிக்கொள்ளும். ட்ரோஹோபிச் சந்தையில் திரைச்சீலை விற்ற காலத்திலேயே அப்படித்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகர்வாள், "தூ, ஒரு அலசுக்குத் தாங்காது" என்று மொத்த வியாபாரியின் மடியிலேயே திருப்பிப் போடுவாள். ரஷ்யர்கள் படையெடுத்து வந்தபிறகு திரைச்சீலை யாருக்கு வேண்டும்? போர்முனைக்குப் போகும் ஊர்ப் பையன்களுக்குக் கவச உடையும் அதற்குள் செருகும் குண்டு துளைக்காத தகடும் தேடித்தரும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஊரார் கொடுக்கும் காசில் வாங்க வேண்டும், அதனால் மலிவாக வாங்க வேண்டும். மலிவாக விற்கிறவன் எவனும் யோக்கியன் இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது.

அவர்கள் போனில் பேசுவதை அவள் அப்படியே பேசிக் காட்டுவாள். தேன் ஒழுகும் குரலில் ஒருவன்: "மேடம், அசல் செராமிக் தகடு மேடம். என் கூடப் பொறந்த தம்பியே இதத்தான் போட்டிருக்கான் மேடம்." உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே குளியலறை ஓடு. ஓரத்தில் பூ டிசைன் வேறு. இன்னொருவன் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுவான்: "சர்டிபிகேட் இருக்கும்மா. சீல் போட்ட சர்டிபிகேட்." அவனுக்கு மெலானியா சொன்னாள், "அப்ப அந்தச் சர்டிபிகேட்டையே நெஞ்சுல கட்டிக்கிட்டு வாங்க. சுட்டுப் பாத்துட்டு வாங்கிக்கறேன்."

அதன்பிறகு ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த கல்குவாரியில் ஒரு வழக்கத்தை உண்டாக்கினாள். எந்தச் சரக்கு வந்தாலும் அதில் ஒரு தகடு சாக வேண்டும். நெஞ்சுக்குப் பதிலாக ஈரக் களிமண் மூட்டை, அதில் தகட்டைச் சாய்த்து வைப்பார்கள். ஊர்க்காவல் படையிலிருந்த திம்கோ சுடுவார். குண்டு துளைத்தாலும் போச்சு, துளைக்காமல் களிமண்ணில் ஆழமாகக் குழி விழுந்தாலும் போச்சு. இரண்டுக்கும் அவள் காறித் துப்புவாள்.

வசந்தம் வந்ததும் ஸெனிக் தகடு செய்யத் தொடங்கினான். லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன். பழைய ஸ்பிரிங் பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கமாக வைத்து வெல்டிங் அடித்து, ஒரு காசு வாங்காமல் கொடுத்தான். ஊரே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு தகட்டிலும் தேவமாதா படம் வரைந்தார்கள். ஞாயிற்றுப் பூசை முடிந்து பாதர் யாரெமா மொத்தத்தையும் மந்திரித்து வைத்தார். திங்கட்கிழமை புறப்படும் பையன்களுக்கு அவைதான். அதில் ஒருவன் மெலானியாவின் தம்பி லுக்யான்.

மெலானியா ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"ஒண்ணு குடு ஸெனிக். குவாரிக்குப் போகணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? பல் துலக்கறதுக்கு."

ஸெனிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "மந்திரிச்ச தகடு, மெலானியா. மாதா மூஞ்சில சுடுவியா?"

"மந்திரிக்காதது ஒண்ணு குடு, போதும்."

"அப்படி எதுவும் இல்ல. பாதர் மொத்தமாத் தீர்த்தம் தெளிச்சிட்டாரு. என் வெல்டிங் மிஷின், லாரி, வாசல்ல படுத்திருந்த நாய், எல்லாத்துக்கும் ஆச்சு."

லுக்யானும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். "விடுக்கா. பசங்களுக்கு அதப் பாத்தா ஒரு தைரியம். நீ எதத்தான் நல்லாருக்குன்ன?"

"உன்னச் சொல்லிருக்கனா? இல்லல்ல? அப்புறம் என்ன."

நேரே பாதர் வீட்டுக்குப் போனாள். பாதருக்கு எப்போதும் மூக்கடைப்பு. "மந்திரிச்சத எடுக்க முடியாதும்மா, அது ஒட்டிக்கும்" என்றார் மூக்கால். சுட்டால் பாவமா என்று கேட்டாள். பாவம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆயரைக் கேட்க வேண்டும், ஆயருக்கு இப்போது வயிறு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் பையன்கள் பதுங்குகுழிக்குள் இருப்பார்கள். வரும் வழியெல்லாம் அவளுக்குக் குமட்டியது. குளியலறை ஓடு விற்றவனாவது பயந்து போனை வைத்தான். இவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் அருவருப்பு.

வீட்டுக்கு வந்து தம்பியின் பையைத் திறந்து அவன் தகட்டையே எடுத்துக்கொண்டாள்.

குவாரிக்கு அவள் போய்ச் சேருவதற்குள் செய்தி பரவி, ஸெனிக்கும் லுக்யானும் இன்னும் கொஞ்சம் பேரும் வந்துவிட்டார்கள். அவள் தகட்டை மூட்டையில் சாய்த்தாள். அதற்கு மேலே, கழுத்து இருக்கும் இடத்தில், உப்புப் போட்ட பன்றிக் கொழுப்புப் பாளம் ஒன்றைப் பழைய சட்டைக் காலருக்குள் சுற்றிக் கட்டினாள்.

"ஐயோ, நல்ல கொழுப்பு" என்றார் திம்கோ. படத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தாழ்த்தினார். "என்னால ஆகாதும்மா. எங்கம்மா மாதிரியே இருக்கா."

"திருப்பி வைப்போமே" என்றான் ஸெனிக். "மாதா களிமண்ணப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். முதுகுல சுடு."

"உன் வெல்டிங்க நல்ல பக்கமாத் திருப்பி வெச்சு நான் சுடணும், ரஷ்யாக்காரனும் திரும்பி நின்னு சுடுவான், அப்படித்தானே? தள்ளு."

சுடுவதற்கு அவளுக்குத் திம்கோதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் துப்பாக்கியை வாங்கி, ஸெனிக் வந்த லாரியின் சக்கரத்தோரம் குப்புறப் படுத்து, மாதாவிடம் "கொஞ்சம் கண்ண மூடிக்கோம்மா" என்று முணுமுணுத்துவிட்டுச் சுட்டாள்.

குண்டு நின்றது. துளை இல்லை, களிமண்ணில் குழியும் பெரிதாக இல்லை. ஸெனிக் லுக்யானைக் கட்டிக்கொண்டு ஆடினான். யாரோ சாராயப் புட்டியைத் திறந்தார்கள். "பாத்தியாக்கா? எவ்வளவு பேச்சு பேசின" என்றான் லுக்யான்.

மெலானியா போய்ச் சட்டைக் காலரை அவிழ்த்தாள். துணி கிழிந்து தொங்கியது. கொழுப்பை, புட்டியோடு அவர்கள் கொண்டுவந்திருந்த ரொட்டிப் பலகையில் வைத்துக் கத்தியால் கீறினாள். கத்தி கரகரவென்று இழுத்தது. ஒரு துண்டை ரொட்டிமேல் வைத்து ஸெனிக்கிடம் நீட்டினாள்.

"சாப்பிடு. பூண்டு வேணுமா?"

வெள்ளைக் கொழுப்புக்குள் கறுப்பாகச் சில்லுகள். இரும்பில் மோதி உடைந்த குண்டு மேலே சிதறி ஏறியிருந்தது. ஸெனிக் ஒரு சில்லை நகத்தால் பிடுங்கினான். விரலில் ரத்தம் வந்தது. திம்கோ புட்டியை மூடிவிட்டார்.

"சாவு நெஞ்சுல வராது" என்றாள் அவள். "தொண்டைல வரும். தாடைல வரும்."

ஸெனிக் தகட்டை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "மேல கெட்டியா ரப்பர் ஒட்டினா சில்லு அதுலயே நின்னுடும். ஆனா மாதா மறஞ்சிடுவாளே."

"மறையட்டும். அவ என்ன வெளிய வேடிக்க பாக்கவா வந்தா?"

ராத்திரியோடு ராத்திரியாக எல்லாத் தகட்டிலும் ஒட்டினான். லாரி ரப்பர், இரண்டு அடுக்கு, பசை காயும்வரை இடுக்கியில் இறுக்கி. விடிந்ததும் புதிதாக ரப்பர் போட்ட ஒரு தகட்டை மெலானியா மறுபடியும் சுட்டாள், கொழுப்பை மறுபடியும் அறுத்தாள். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஸெனிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாருக்குன்னு நான் சொல்லல" என்றாள். "குமட்டல. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை பஸ் நிலையத்தில் லுக்யான், சுடாத வேறு தகட்டைச் செருகிய கவச உடையை மாட்டிப் பார்த்தான். இரும்பும் ரப்பரும் சேர்ந்து தோளை இழுத்தன. பசை இன்னும் நாறியது.

"என்ன கனம்க்கா. நாத்தம் தாங்கல."

அவள் பக்கவாட்டுப் பட்டையை, அவனுக்கு மூச்சு முட்டும்வரை இழுத்துக் கட்டினாள். பிறகு ஒரு விரல் அளவு தளர்த்திவிட்டாள்.

"தாங்கு" என்றாள்.