வழியில் வளைந்த ஷாப்ட்

எழுபதுகளின் கடைசியில் சந்தவாசலில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் டிப்ளமோ, தலையில் கனம். இரும்பை வெட்டும்போது டூலிலும் இரும்பிலும் எந்த விசை எங்கே அழுத்துகிறது என்று பட்டறைச் சுவரில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் விட்டுவிடுவேனா என்ன?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் உடைந்த ஷாப்டோடு வந்தார்கள். ஊரில் டீசல் இன்ஜினில் ஓடும் சாமை மில் அவர்களுடையது; அதைச் சுழற்றும் தண்டுதான் அந்த ஷாப்ட். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். விருந்துக்கான சாமை உமியோடு மூட்டையில் கிடந்தது. பளபளக்கும் பிரைட் பார் என்ற இரும்புக் கம்பியில் மூன்றடிக்குப் புது ஷாப்ட் செய்தேன். பெல்ட் ஓடும் புல்லி வழுக்காமல் சாவி என்னும் இரும்புத் துண்டைச் செருக, நான்கு விரல் நீளத்துக்குக் காடி, அதாவது பள்ளம், வெட்டினால் போதும். நான்தான் மேதாவியாயிற்றே! புல்லியை எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும் என்று முனைக்கு முனை வெட்டித் தள்ளினேன். வெட்டுவதற்கு முன் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். வெட்டிய பிறகு பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அதே ஷாப்டோடு இருவரும் வந்து நின்றார்கள்.

"இன்னா சார், மில்லு குதிக்குது. பேரிங்கு கொதிக்குது," என்றார் அந்த அம்மா.

உருட்டிப் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. "நான் குடுக்கும்போது நேரா இருந்துதுங்க. வழியில எங்கியோ போட்டுட்டீங்க," என்றேன். சுவரைக் காட்டி ஒரு பிரசங்கம் வேறு.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "யோவ், சார் படிச்சவரு, பொய்யா சொல்வாரு? நீதான தூக்கினு வந்த, எங்க போட்ட? பொண்ணு கல்யாணத்துல மானம் போவுதே!"

"நான் போடல," என்றார் அவர், ஒரே தடவை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்துவிட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை, அதே முழுநீளக் காடியோடு இரண்டாவது ஷாப்டைச் செய்து, கோணியில் சுற்றி நானே மலைக்கு எடுத்துப்போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவரையும் தொட விடவில்லை. மில்லில் மாட்டி இன்ஜினைக் கிளப்பினால், ஐயோ, அதே குதியாட்டம்!

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கணவர் என்னிடம் வந்தார். "வழியில எங்கனா போட்டீங்களா சார்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் நிஜமாகவே கேட்டார்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிரைட் பாரை அச்சு வழியே இழுத்துச் செய்யும்போதே அதன் தோலில் ஓர் இறுக்கம் தங்கிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் நீளமாக அறுத்தால், எதிர்ப்பக்கம் தன்பக்கம் இழுத்து வளைத்துவிடும். பரீட்சையில் இதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். வெட்கத்தில் அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"போடலைங்க. நான் வெட்டனதுதான் தப்பு. மொதல் ஷாப்டும் இப்படித்தான். நீங்க வளைக்கல," என்றேன், கல்யாணத்துக்கு வந்திருந்த சனமெல்லாம் கேட்க.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஓர் உலக்கையோடு வந்து என் கையில் திணித்தார்.

"இந்தாங்க சார். இது வளையாது."

சாமை மூட்டையைப் பிரித்து உரலில் கொட்டினார்கள். குத்தினேன். பத்தாவது குத்திலேயே கை எரிந்தது. கணவர் இன்னோர் உலக்கையோடு எதிரில் வந்து நின்று மாற்றிக் குத்த ஆரம்பித்தார்.