ஆட்டுப்பால் கட்டியும் வேப்பந்தேனும்

எங்கள் வீட்டில் காலை டிபன் என்பது நான் போடுவது, சாப்பிடுவது இல்லை. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கம்பெனி பஸ் நசரத்பேட்டை முனைக்கு வருவதற்குள் அவருடைய டிபனும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் தயாராகிவிட வேண்டும். பின்னாலேயே காலேஜுக்குக் கிளம்பும் மகள். அப்புறம் நான் பூந்தமல்லி துணிக்கடைக்கு ஓட வேண்டும். பில் போடுகிற வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே, பிய்ந்துபோன தோசையால் சட்னிக் கிண்ணத்தைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டால் என் டிபன் முடிந்தது. அலுத்துப் போயிருந்தேன்.

பின் தெருவில் ஆடு வளர்க்கும் பாய் வீட்டு அக்கா ஒரு நாள் கூப்பிட்டார். "குட்டிய வித்துட்டாங்கம்மா. தாய்க்குப் பால் கட்டிக்கினு கத்திக்கினே கீது. கறந்தேன், எங்க ஊட்ல குடிக்க ஆளில்ல. எடுத்துக்கினு போ" என்று ஒரு செம்பை நீட்டினார்.

காபி போட்டேன். "ஆட்டுக் கொட்டாய்ல உக்காந்து குடிக்கிற மாதிரி கீது" என்று கணவர் டம்ளரைத் தள்ளிவிட்டார். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மிச்சப் பாலைக் கொட்ட மனம் வரவில்லை. காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து திரியவிட்டு, உப்புப் போட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஒரு உருண்டை.

"அம்மா, இது கோட் சீஸ்!" என்று மகள் போட்டோ எடுத்தாள். பெரிய ஹோட்டல்களில் இதைத் தேனோடு வைப்பார்களாம். ருசி பாரடி என்றால், "ஐயோ, வாடை" என்று ஓடிவிட்டாள்.

தேன் இருந்தது. எதிர் அபார்ட்மென்ட் சன்ஷேடில் தொங்கிய கூட்டை ஆள் வைத்து எடுத்தபோது தெருவிலேயே பிழிந்து விற்றார்கள். வேப்பமரங்கள் பூத்திருந்த நேரம். தொண்டையில் இறங்கும்போது லேசாகக் கசந்தது. அதனால் அதையும் வீட்டில் யாரும் தொடவில்லை.

இருவரும் போனபிறகு ஒரு கரண்டிக் கட்டியைத் தட்டில் வைத்து, மேலே தேனை ஊற்றி, தோசையோடு ஹால் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். புளிப்பு, உப்பு, இனிப்பு, கடைசியில் அந்தக் கசப்பு. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட முடியாத சாப்பாடு, நாக்கிலேயே நின்று கரைந்தது. வெளியே மெட்ரோ வேலைக்கு மண் ஏற்றிப் போன லாரி புழுதியைக் கிளப்பியது. கிளப்பட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு யாருக்கும் பங்கு வைக்காமல் நான் சாப்பிட்ட முதல் டிபன் அது. ஆனந்தமாக இருந்தது, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

அக்காவிடம் சொல்லிவைத்து அடிக்கடி பால் வாங்கினேன். கால்வலியும் கடையும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் காலையில் எழுந்திருக்க எனக்கென்று ஒரு காரணம் கிடைத்திருந்தது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று இருவரையும் கேலி செய்வேன். தெரியாமலே இருக்கட்டும் சாமி என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வேன்.

சாமிக்குக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தட்டிலிருந்து கணவர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றும் எடுத்தார். "தேனோட நல்லாத்தான் கீது. நாளைலேர்ந்து எனக்கும் வெச்சுடு. டப்பாலயும் தோசைக்கு நடுவுல தடவிக் குடு, கம்பெனில நாலு பேரு துன்னட்டும்."

வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை. பாவம், ஆசையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. மறுபடியும் அடுப்பு மேடை ஓரம் நின்று மிச்சத்தை வழிக்க வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்குக் கட்டித் தொங்கவிட்ட பால் மூட்டை மறுநாள் நன்றாக இறுகியிருந்தும் நான் இறக்கவில்லை. "இன்னும் இறுகலைங்க" என்றேன். அதற்கடுத்த நாள் காலையில் அவிழ்த்தபோது வீடெல்லாம் கிடா நாற்றம். கணவர் ஒரு வாய் வைத்தார், முகம் கோணிப்போயிற்று. "இன்னாம்மே இது, இவ்ளோ நாறுது! வேணாம்பா, நீயே துன்னு" என்று வழக்கமான சட்னி தோசையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மகளும் போனபிறகு தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். தேனைத் தாராளமாக ஊற்றினேன். எனக்கும் குமட்டத்தான் செய்தது. எழுந்திருக்கவில்லை. ஒரு துளி மிச்சம் வைக்காமல், மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன்.