மீன் கொம்பனி

நான் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரை என் கணவர் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. உறவினர் யாராவது வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, "இப்ப எங்க வேலை?" என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொள்வார்.

"இரத்மலானையில ஒரு மீன் கொம்பனி. மிச்ச நேரத்தில ஜீன்ஸும் கழுவுவினம்."

உண்மையில் நாங்கள் ஜீன்ஸ்தான் கழுவுகிறோம். தைத்து வரும் புத்தம் புதிய காற்சட்டைகளைக் கழுவி, வெளுத்து, முழங்காலில் உரசி, ஏற்கெனவே நாலு வருடம் யாரோ போட்டதுபோல ஆக்கி அனுப்புவது எங்கள் தொழில். காசு கொடுத்து வாங்குகிற புதுச் சாமானை எதற்குப் பழசாக்க வேண்டும் என்று என் மாமியார் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிற்சாலையிலேயே யாரிடமும் பதில் கிடையாது.

இந்தத் தொழிலுக்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். போகும்போது தெளிவாகப் போகும் தண்ணீர் வெளியே வரும்போது நீலமாக வரும். அதைச் சுத்திகரித்து, ஒரு பகுதியைத் திரும்ப இயந்திரங்களுக்கே அனுப்பி, மிச்சத்தை ஒரு பெரிய சீமெந்துத் தொட்டியில் நிறுத்தி, பிறகுதான் கால்வாய்க்கு விடுவோம். அந்தத் தொட்டியில்தான் மீன்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கொழுத்த கெண்டைகள். சுத்திகரித்த தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கிறது என்றால் தண்ணீர் நல்லது என்று அர்த்தம். இதுதான் மேடத்தின் கணக்கு.

மேடம் என்பது எங்கள் நிர்வாக இயக்குநர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்மணி. தொழிற்சாலையைத் தகப்பனிடமிருந்து பொறுப்பேற்ற நாளிலிருந்து சுற்றாடல் பேயொன்று அவரைப் பிடித்திருந்தது. கூரை முழுவதும் சூரியத் தகடு ஏறியது. ஏசியை இருபத்தாறுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் விற்பனைப் பிரிவு மனேஜர் கழுத்துப் பட்டியோடு கையில் ஒரு குட்டி மின்விசிறியும் கொண்டுதிரியத் தொடங்கினார். சாப்பாட்டுப் பொதிகளில் லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாள் கூடாது, வாழையிலைதான் என்றார்கள். முதல் வாரமே ஒரு பொதியின் பருப்புக்கறி இலை கிழிந்து ஒருத்தியின் கைப்பைக்குள் இறங்கியது. அவள் அந்தப் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "இதுக்குப் பேர்தான் இயற்கையா மிஸ்?" என்று கேட்டாள். நான் ஆளணிப் பிரிவு அதிகாரி. எல்லா முறைப்பாடும் என்னிடம்தான் வரும். கடதாசியை மிச்சப்படுத்துங்கள் என்ற அறிவித்தலைக் கடதாசியில் அச்சடித்து எல்லாக் கதவிலும் ஒட்டியவளும் நான்தான்.

ஆகவே நாங்கள் எல்லோரும் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம். பகிடியில் பாசமும் இருந்தது. ஆனால் பகிடி பகிடிதான்.

வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வர இருந்த வாரத்தின் திங்கட்கிழமை காலை, நான் ரயிலிலிருந்து இறங்கி வாசலை அடையும்போதே காவலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தொட்டியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கெண்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மூன்றோ நான்கோ மாத்திரம் ஒரு மூலையில் ஒதுங்கி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

விற்பனை மனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றார். மின்விசிறி கையில் சுழன்றுகொண்டிருந்தது.

"மிஸ், உங்கட பக்கம் மீன் விக்கிற கடை இருக்குதானே? இப்பவே கொம்பனி வானை எடுத்துக்கொண்டு போங்க. இதே சைஸ், இதே கலர். நாளைக்கு அவங்க வாறாங்க."

"செத்த மீனை என்ன செய்யிறது?" என்றேன்.

"அது ஆருக்குத் தெரியப்போகுது?"

கழுவும் பகுதியின் சூப்பர்வைசர் தொட்டியின் மறுபக்கம் குந்தியிருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், ஐம்பது வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். அவர் எழும்பாமலேயே சொன்னார்.

"மீன் வாங்கலாம் சேர். ஆனா எதால செத்திச்சின்னு தெரியாம இந்தத் தண்ணிய வெளிய விட ஏலாதுதானே."

அந்த நேரம் மேடத்தின் கார் வந்தது. அவர் இறங்கி வந்து தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனேஜர் தன் யோசனையைத் திருப்பிச் சொன்னார். மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"புது மீனும் செத்தா? பொறகு அதுக்கும் மீன் வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திரும்பினார். "மெஷின் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. கால்வாய்ப் பக்கம் வால்வைப் பூட்டுங்க. தண்ணியில என்ன ஈக்கு எண்டு தெரிஞ்ச பொறகு பார்ப்பம்."

"மேடம், ஓடர் லேட்டாகும்" என்றார் மனேஜர்.

"ஆகட்டும்."

இயந்திரங்கள் நின்ற பிறகுதான் அவை இத்தனை நாள் எவ்வளவு இரைந்தன என்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் மாதிரிகளைப் போத்தல்களில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேலையாட்கள் கன்டீனில் வந்து குவிந்தார்கள். என்னைக் கண்டதும் ஆளுக்காள் கேலி. "மிஸ், செத்த வீட்டுக்கு லீவு இருக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். "நெருங்கின சொந்தம் எண்டால்தான்" என்றேன். வேறு சிலர் சிரிக்கவில்லை. கழுவிக் கொடுக்கும் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் அவர்களுக்கு ஊக்கப்படி. மீனுக்காக வேலை நிறுத்திய கம்பனியைத் தாங்கள் கேள்விப்பட்டதேயில்லை என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஒரு பிளேன்டீயோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்காமலேயே கதைத்தார்.

"இதுக்கு முந்தி நான் இருந்த எடத்தில மழ வருதான்னு பாக்க ஒரு ஆள் இருந்தாரு மிஸ்."

"எதுக்கு?"

"மழ பெய்யக்குள்ள வால்வ தொறந்தா ஒருத்தருக்கும் தெரியாது. நீலத் தண்ணி மழத் தண்ணியோட போயிரும். நானும் தொறந்திருக்கேன். செய்யச் சொன்னா செய்யணும்தானே. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனா, பக்கத்தில இருக்கிறவங்க என்ன வேலன்னு கேப்பாங்க. கார்மன்ட்டுன்னு மட்டும் சொல்லுவேன். வொஷிங்னு சொல்லமாட்டேன்."

"இப்ப?"

"இப்ப வொஷிங்னுதான் சொல்றேன்." ஒரு வாய் தேநீர் குடித்தார். "இப்ப மழ வந்தா கொடையத் தேடுறதோட சரி."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருடம் ஆளணிப் பிரிவில் இருந்து, ஊழியர் திருப்தி பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பற்றீஸ் சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை எங்கும் கேட்டதில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கதையைச் சொன்னதும் கணவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி உட்கார்ந்தார். அவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறார். எங்கள் மீன்களைக் கேலி செய்வாரே தவிர, தன் மீன்களைப் பற்றி யாரும் பகிடி விடக் கூடாது.

"தண்ணி என்ன நிறமாய்க் கிடந்தது?"

"நல்ல தெளிவு. அடி தெரியுது."

"முந்தி?"

யோசித்தேன். முந்தி எப்போதும் இலேசாகப் பாசி பிடித்த பச்சை.

"அப்ப இதில கண்டுபிடிக்க என்ன கிடக்கு? ஆரோ குழாய்த் தண்ணியைத் திறந்து விட்டிருக்கினம்" என்றார். "அதில குளோரின் இருக்கும். ஒரேயடியாய் விட்டால் மீன் தாங்காது. நான் முதல் முதல் வாங்கின கோல்ட்ஃபிஷ் எல்லாம் எப்பிடிச் செத்ததெண்டு நினைக்கிறீர்? நீர் அண்டைக்கு அழுதனீர்."

"நான் அழேல்லை. நீங்கள்தான் அழுதனீங்கள்."

"சரி, ஆரோ ஒராள் அழுதது. போய்க் கேட்டுப் பாரும்."

மறுநாள் காலை பரிசோதனை முடிவு வந்தது. எங்கள் சுத்திகரிப்பிலிருந்து வந்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தொட்டியில் இருந்த தண்ணீரில் மட்டும் குளோரின் கூடியிருந்தது. நான் தயங்கித் தயங்கி, என் கணவரின் கருத்து என்று முன்னுரை சொல்லி, குழாய்த் தண்ணீர்க் கதையை அவிழ்த்தேன்.

மேடம் கையிலிருந்த அறிக்கையை மேசையில் வைத்தார்.

"யா அல்லாஹ்" என்றார். "வெள்ளிக்கெழம நான்தான் சென்னேன். ஆக்கள் வாறாங்க, தண்ணி பச்சையா ஈக்கு, கொஞ்சம் நல்ல தண்ணி விடுங்க எண்டு."

தோட்ட வேலை செய்பவர் ரப்பர் குழாயை வைத்துத் திறந்திருக்கிறார். சனி, ஞாயிறு யாரும் அதை மூடவில்லை. திங்கட்கிழமை இருட்டோடு வந்துதான் அவர் மூடி, குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறார். ஜீன்ஸ் கழுவிய தண்ணீரில் வருடக்கணக்காகக் கொழுத்து வளர்ந்த மீன்கள் நாங்கள் குடிக்கிற தண்ணீரில் செத்துவிட்டன.

முதலில் சிரித்தது மேடம்தான். தலையில் போட்டிருந்த சால்வை நழுவும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோட்ட வேலைக்காரரை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது, அது தன் பிழை என்றார். சூப்பர்வைசரிடம், "நேத்து வேலை இல்லாம இருந்தவங்களுக்கு வழமையான ஊக்கப்படியப் போடச் செல்லுங்க" என்றார். அந்தச் செய்தி கழுவும் பகுதியை அடைந்தபோது எழுந்த சத்தம் இயந்திரச் சத்தத்தை விடப் பெரிதாக இருந்தது.

பத்து மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மனேஜர் அவர்களைத் தொட்டிப் பக்கம் போகாமல் வேறு வழியாகக் கூட்டிப்போகப் பார்த்தார். மேடம் நேரே தொட்டிக்கே கூட்டிப்போனார். உயிர் பிழைத்த மூன்று மீன்களையும் காட்டி, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார், தான் சொல்லித்தான் தண்ணீர் விடப்பட்டது என்பது உட்பட. வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அதற்காகவா ஒரு நாள் முழுக்க இயந்திரங்களை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஓம் என்றார் மேடம். அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஓடர் தாமதமானதால் தொடர்ந்து சில சனிக்கிழமைகள் வேலைக்கு வரவேண்டியிருந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைகளில் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் வந்தார்கள். இந்த நாட்டில் இப்போது ஆட்கள் நிற்கிற காலமா? டுபாய், கட்டார், கனடா என்று விலகல் கடிதம் இல்லாமல் என் மேசை ஒரு மாதமும் இருந்ததில்லை. கழுவும் பகுதியிலிருந்து மட்டும் கடிதங்கள் மிக அரிதாகத்தான் வந்தன.

சில மாதம் கழித்து எனக்கே ஒரு அழைப்பு வந்தது. கோட்டைப் பக்கம் உயரமான கட்டடம், கூடுதல் சம்பளம், பதினெட்டில் ஓடும் ஏசி. கணவர் போகத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். தொலைபேசியில் கதைத்த பெண், சம்பளம் போதாதா என்று கேட்டாள். சம்பளம் பிரச்சினையில்லை என்றேன். அப்படியென்றால் என்ன காரணம் என்றாள். மேடத்தைப் பற்றிச் சொல்வதா, சூப்பர்வைசரின் மழையைப் பற்றிச் சொல்வதா என்று தெரியவில்லை. "எனக்கு இரத்மலானை ரயில் வசதி" என்றேன். அந்த ரயிலில் ஒற்றைக்காலில் நின்று பயணம் செய்கிற எவரும் சிரிக்கக்கூடிய பதில்.

டிசம்பரில் குடும்பங்களை அழைத்து ஒரு விருந்து வைத்தார்கள். கணவரைக் கூட்டிப்போனேன். தன் கண்ணாடித் தொட்டியில் பெருகிப்போனவற்றில் சிலதைப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். சாப்பாட்டுக்கும் வராமல் சூப்பர்வைசரோடு தொட்டிக் கரையில் நின்று, எந்தத் தீன் நல்லது என்று வாக்குவாதப்பட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடைத்தது. தெஹிவளை தாண்டும்வரை கடலைப் பார்த்தபடி இருந்தவர் மெல்லச் சொன்னார்:

"எங்கட ஒபிசில ஒரு பிழை நடந்தால், முதல்ல கூட்டம் போட்டு ஆரிலை பழியைப் போடுறதெண்டு பார்ப்பினம். முப்பது வருசம் நானும் அந்தக் கூட்டங்களில இருந்தனான்."

வெள்ளவத்தை நெருங்கியது. அவர் எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"பென்ஷன் எடுத்த ஆக்களை உங்கட கொம்பனியில எடுப்பினமோ?"

"விண்ணப்பம் போடுங்கோ" என்றேன். "நேர்முகப் பரீட்சை நான்தான் வைக்கிறனான்."