மண்ணுளி என்று நான் சொன்னது

எனக்குப் பாம்பு தெரியும் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போனவள் நான். ஏரிக்கரையிலும் புதரிலும் நாள் முழுக்கச் சுற்றினால் பாம்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். சாரை நம்மைக் கண்டால் நீளமாக ஓடிவிடும். நல்ல பாம்பு நின்று பார்க்கும். கட்டுவிரியன் கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்டிருக்கும், பகலில் சோம்பிச் சுருண்டு கிடக்கும். சுருட்டை சிறியது, உடம்போடு உடம்பைத் தேய்த்து அரம் போடுகிற மாதிரி சத்தம் கொடுக்கும்.

கண்ணாடி விரியனை மட்டும் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அது சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி சீறியது. அதனால் சீறினால்தான் கண்ணாடி விரியன் என்று என் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

பிறகு ஆடுகளை விற்றுவிட்டோம். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் கூலி வேலைக்குப் போனோம். எங்கள் பெரியம்மாதான் ஆள் சேர்த்து அழைத்துப் போவாள். அறுப்பில், களை எடுப்பில் பாம்பு வந்தால் பெண்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏய் பாம்பு டாக்டரு, இங்க வா. இன்னான்னு பாரு இத."

நான் போய்ப் பார்த்து, "சாரை, வுடுங்க" என்பேன். விட்டுவிடுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேறு எதற்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் தை முடிந்து மல்லாட்டை பிடுங்குகிற வேலை. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செடியைப் பிடுங்கிக் குவியல் குவியலாகப் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து காய் ஆய வேண்டும். அக்காவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராஜகுளம், அரிசி மில்லில் வேலை. பெரியம்மா கொண்டுவந்த இடம். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. பங்குனியில் கல்யாணம்.

காய் ஆயும்போது பெரியம்மா வாய் ஓயாது. முதல் நாள் அவள் மண்ணுளிப் பாம்பைப் பற்றி ஒரு கதை சொன்னாள். மண்ணுளிக்கு விஷம் இல்லை, ஆனால் அது நக்கினால் உடம்பில் வெள்ளை படரும், குஷ்டம் வரும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புவார்கள். நானும் நம்பினேன்.

"பக்கத்தூர்ல ஒருத்திய மண்ணுளி நக்கிச்சாம். மூணே மாசம். ஒதட்டுல வெள்ள வந்துச்சி. புருசங்காரன் கொண்டாந்து தாய் வூட்ல உட்டுட்டுப் பூட்டான்."

"நக்குனத யாரு பாத்தது பெரிம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"எவளும் பாக்கல. அவளே வாயத் தொறந்து சொல்லிக்கினா. வாய மூடிக்கினு கீறதுக்கு இன்னா?"

"அவுளுக்கும் உன்னாட்டம் வாயாக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

மறுநாள் அம்மா வேலைக்கு வரவில்லை. காலை, வெயில் ஏறுகிற நேரம். எங்கள் குவியல் முடிந்துவிட்டது. வரப்போரம் இருந்த குவியலை அள்ளி வர அக்கா போனாள். நானும் பின்னால் போனேன். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இரண்டு கையாலும் செடியை வாரித் தூக்கினாள். "ஸ்" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா?"

"சுருக்குனுது. இன்னாமோ கீது பாரு."

குனிந்து பார்த்தேன். செடிக்கு அடியில் குட்டையாக, தடியாக ஒரு உடம்பு. பழுப்பு நிறம், மேலே மண் ஒட்டியிருந்தது. திட்டுத் திட்டாகப் புள்ளி. தலை செடிக்குள் இருந்தது. சீறவில்லை. அவசரமில்லாமல் ஊர்ந்து வரப்புப் பொந்துக்குள் போனது.

"மண்ணுளிக்கா" என்றேன். "பயப்படாத. விசம் கெடயாது."

சொன்னதும் அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். முகம் இன்னும் கெட்டுப்போனது. அப்புறம்தான் எனக்கும் முதல் நாள் பேச்சு நினைவுக்கு வந்தது.

"நக்குச்சா, கடிச்சிதா?" என்றேன்.

"எனுக்கு இன்னா தெரியும்? கடிச்சா மட்டும் வெள்ள வராதா?"

"தெர்லக்கா."

அவள் புடவையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள். பெரியம்மா இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"யாருக்கும் சொல்லாத. அம்மாவுக்கும் சொல்லாத. அது நேரா பெரிம்மாகிட்ட போயிடும். கல்யாணம் நின்னுடும்டீ."

"சொல்லல."

"எம்மேல ஆண."

அவள் தலையில் கை வைத்து ஆணையிட்டேன். மோட்டார் கொட்டகைக்குப் போய்த் தண்ணீரில் காலைக் கழுவினாள். இரண்டு சின்னப் புள்ளி இருந்தது. மண்ணுளிக்கும் பல் இருக்கும், கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் கூழுக்குப் பச்சை மிளகாய் கடித்துக்கொண்டோம். விஷம் ஏறினால் காரம் தெரியாது என்பார்கள்.

"காரமா கீதா?" என்று கேட்டேன்.

"கீதுடி. நாக்கு எரியுது."

எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு தைரியம் வந்தது. கால் மட்டும் வலிக்கிறது என்றாள். சாயங்காலம் நொண்டிக்கொண்டுதான் வந்தாள். பெரியம்மா கேட்டதற்கு, "கருவ முள்ளு" என்றாள். நானும், "ஆமா, பெரிய முள்ளு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அம்மா அடுப்பு வெளிச்சத்தில் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முள்ளு உள்ளயே கீது. அதான் வீங்கிக்கினு கீது. இரு, எடுக்கறேன்."

தன் ஜாக்கெட்டில் இருந்த ஊக்கைக் கழற்றி நெருப்பில் காட்டி, அக்காவின் காலைக் குத்தி முள்ளைத் தேடினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இல்லாத முள்ளை அம்மா ரொம்ப நேரம் தேடினாள். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆணையை நினைத்துச் சும்மா இருந்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. மண்ணுளி என்று நான் சொன்னது தப்பாக இருக்காது என்று நினைத்தேன். நான் பாம்பு தெரிந்தவள் அல்லவா.

ஊக்கு குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தாள், காப்பித்தூள் வைத்தாள், துணி கட்டினாள். துணி நனைந்துகொண்டே இருந்தது.

"இன்னாடி இது, ஊக்கு குத்தனதுக்கு இம்மாம் ரத்தம்" என்றாள் அம்மா.

காலையில் அக்கா வாய் கொப்பளித்தாள். தண்ணீர் சிவப்பாக வந்தது. ஈறெல்லாம் ரத்தம். அதைப் பார்த்ததும் அம்மா கிளம்பச் சொன்னாள். அக்காவை எழுப்பிப் பஸ் ரோட்டுக்குத் தூக்காத குறையாக நடத்திக் கூட்டிப்போனோம். உத்திரமேரூர் வரும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. பஸ்ஸில் ஒருமுறை என் கையை அழுத்தி, "சொல்லிடாத" என்றாள். அவள் மூச்சில் ரத்த வாடை அடித்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். அதற்குள் டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டார். கட்டை அவிழ்த்துக் காலைத் திருப்பிப் பார்த்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது.

"பாம்பு கடிச்சிருக்கு. எப்ப?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து காலைல சார்" என்றேன்.

"நேத்து காலைலயா? ஏம்மா இவ்வளவு நேரம்?"

"அது மண்ணுளி சார். விசம் இல்லாதது."

"இது விரியன் கடி. கண்ணாடி விரியன். மண்ணுளின்னு யார் சொன்னா?"

இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. நான் அக்காவைக் கையால் காட்டினேன்.

"அவதான் சார் சொன்னா."

அக்கா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரிடம், "ஆமா சார், நாந்தான் அப்பிடி நென்ச்சிக்கினேன்" என்றாள்.

அம்மா சீட்டோடு உள்ளே வந்தபோது டாக்டர் அவளிடம் அதைத்தான் சொன்னார். பெண் மண்ணுளி என்று நினைத்து மறைத்துவிட்டாள், கடித்தது விரியன், ஒரு நாள் வீணாகிவிட்டது என்று. அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

மருந்து போட்டார்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ரத்தம் கசிவது நின்றது. பிழைத்துவிட்டாள் என்று நினைத்தோம். ஆனால் மூத்திரம் போகவில்லை. முகமும் கையும் ஊதிக்கொண்டே வந்தது. கிட்னி கெட்டுப்போய்விட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் அம்மா காப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது நானும் அவளும் தனியாக இருந்தோம். நான் கட்டிலோரம் தலையை வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாப்ள வூட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவுங்கம்மா நாளைக்கு வர்றாங்களாம்."

"இன்னா பாம்புன்னு சொன்னீங்கோ?"

"கண்ணாடி விரியன்னு."

"அப்ப பரவால்ல" என்றாள். அவளுக்கு நிஜமாகவே நிம்மதி. "பங்குனிக்குள்ள கால் வத்திடுமாடீ?"

"வத்திடும்க்கா."

அம்மா காப்பியோடு வந்துவிட்டாள். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் அக்கா தெளிவாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் செத்துப்போனாள்.

மண்ணுளிக்கு வால் மொண்ணையாக, வெட்டி விட்ட மாதிரி இருக்கும். கண்ணாடி விரியனுக்கு வால் கூம்பிப் போகும். அதன் முதுகில் இருப்பது வெறும் திட்டு இல்லை, வட்ட வட்டமாகச் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை இருக்கும். இதெல்லாம் நான் அவள் செத்த பிறகு கற்றுக்கொண்டது இல்லை. மொண்ணை வால் என்பது ஆடு மேய்க்கிற காலத்திலேயே எனக்குத் தெரியும். அன்றைக்கு அது பொந்துக்குள் போகும்போது வாலைப் பார்த்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என் கண் முன்னால்தான் போனது. நான் பார்க்கவில்லை. முதல் பார்வையிலேயே பேர் வைத்துவிட்டதால் மறுபடி பார்க்கத் தோன்றவில்லை.

காரியத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். பந்தலுக்கு வெளியே அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா தண்ணீரை வாங்காமல் என்னைப் பார்த்து, "இதுவா சின்னவ? பாம்புல்லாம் இதுக்குத் தெரியும்னு சொல்லுவாங்களே" என்று கேட்டாள்.

"இவதாம்மா" என்றாள் அம்மா. "அன்னிக்கு அதே கொல்லயிலதான் இருந்திருக்கா. அந்தப் பாவி இவள ஒரு வார்த்த கேக்கல. தானே மண்ணுளின்னு முடிவு பண்ணிக்கினு, முள்ளுன்னு எனக்குப் பொய் சொல்லிக்கினு, ஊக்கால குத்த வச்சாளே என்ன. இவளக் கூப்ட்டு காட்டியிருந்தா இவ ஒடனே சொல்லியிருப்பா."

அம்மா இதைத் தினமும் சொல்கிறாள். சோறு போடும்போது சொல்கிறாள், வேலைக்குப் போகிற வழியில் சொல்கிறாள். செத்துப்போனவளைத் திட்டித் திட்டி அழுகிறாள். நடுநடுவே என் தலையைத் தடவி, "நீ இன்னாமா பண்ணுவ" என்கிறாள். அந்தக் கை தலையில் இருக்கும்வரை நான் அசையாமல் இருப்பேன். எடுத்த பிறகு போய்ப் பாத்திரம் துலக்குவேன்.