கவிழாத சிரட்டை

என் எழுதுமேசையின் மூலையில் பழைய தேங்காய்ச் சிரட்டை ஒன்று வாயை மேலே வைத்தபடி இருக்கிறது. அதற்குள் நான் எதுவும் போட்டு வைப்பதில்லை. போன மாதம்வரை, தூசி சேர்கிறது என்று மருமகள் துடைக்கும்போதெல்லாம் அதைக் கவிழ்த்து வைப்பாள். அவள் குசினிப் பக்கம் போனதும் நான் நிமிர்த்தி வைப்பேன். வயது போகப் போகக் கிழவனுக்குக் கிறுக்குக் கூடுகிறது என்று நினைத்தாள் போல. நினைக்கட்டும் என்று விட்டேன். அது யாருடைய சிரட்டை என்று தெரிந்தால் அவள் அதை வீட்டில் வைத்திருக்க விடமாட்டாள் என்ற பயத்தில் நான் அதுவரை வாயே திறந்ததில்லை.

வெள்ளைக்காரரின் ஆட்சி முடிகிற காலத்தில், புத்தளம் களப்போரத்துச் சிறு பட்டினம் ஒன்றின் நகர சபையில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சபை நடப்பது ஆங்கிலத்தில். உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றப் பாதிப்பேருக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஒருவர் தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழிலும் திருப்பிச் சொல்வது என் வேலை. அதாவது, ஒவ்வொரு பொய்யையும் இரண்டு தரம் சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான். சபையின் தலைவர் சிலாபத்தில் பிரக்கிராசியாக வழக்குப் பேசிச் சம்பாதித்து, எங்கள் ஊரில் தென்னந்தோட்டம் வாங்கிக் குடிவந்த கத்தோலிக்கர். சேர்மன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

சேர்மனின் உற்ற கூட்டாளி மரைக்கார். அக்கரை வட்டாரத்தின் உறுப்பினர் அவர். உப்பளங்களைத் தாண்டிப் போனால் வரும் மணல் திட்டுத்தான் அக்கரை. உப்பில் வேலை செய்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் தென்னங்கிடுகு வீடுகளில் இருந்தார்கள். ஒரு பள்ளிவாசல், ஒரு சின்ன மாதா கோயில், எல்லோருக்கும் குடிக்க ஒரேயொரு பூவல். பூவல் என்றால் மணலைத் தோண்டி ஊற்றெடுக்கும் குழி. மழைக்காலத்தில் ஊர் அழுக்கெல்லாம் அதற்குள்தான் இறங்கும். மரைக்கார் சபைக்கு வந்த நாள்முதல் அங்கே கல்லுக் கட்டிய ஆழக்கிணறு ஒன்று கேட்டார். அதைவிடப் பிடிவாதமாக இன்னொன்றும் கேட்டார். சபை கூடும்போது கதவுகள் திறந்திருக்க வேண்டும். எந்தக் காசை எதற்குச் செலவழித்தோம் என்று மாதாமாதம் ஒவ்வொரு வட்டாரத்திலும் தமுக்கடித்து வாசிக்க வேண்டும். "கதவச் சாத்திட்டுக் கதைக்கிற காசு களவுக் காசுதான் சேர்மன்" என்பார். பகலில் அக்கரை ஆட்கள் உப்புப் பாத்தியில் நிற்பார்களே, வாசிப்பது அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருவர் மடக்கியபோது, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டு வேலியிலும் நட்ட கதியால் தடி இரண்டாகப் பிரிகிற கவரில் ஒரு சிரட்டை நிமிர்ந்திருக்கும். அறிவித்தல் வீட்டுக்காரர் காதுக்குப் போய், கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும். கேள்வி இருந்தால் அப்படியே விடலாம். நிமிர்ந்த சிரட்டை இருக்கும் வீட்டுக்குச் சபை திரும்பப் போய்ப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "நாங்க மௌத்தாப் போனாலும் மையவாடிக்கு வந்து கணக்க வாசிங்க, நாங்க கேப்பம்" என்று அன்றைக்குச் சாவை வைத்தே பகிடி விட்டார். சபையே சிரித்தது. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

திறந்த கதவும் தமுக்கும் சிரட்டையும் வழக்கத்துக்கு வந்தன. அடுத்த வருடம் மரைக்கார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் கப்பலில் போய்த் திரும்ப மாதங்கள் செல்லும். போகுமுன் சேர்மனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கிணத்தப் பாத்துக்கங்க" என்றார். சேர்மன் தலையாட்டினார். வரவு செலவுக் கூட்டத்தன்று சரியான மழை. சாரல் அடிக்கிறது என்று கதவுகளைச் சாத்தினார்கள். மிஞ்சியிருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் காணும்: அக்கரைக்குக் கிணறு, அல்லது மீன் சந்தைக்குத் தகரக் கூரை. "வரி கட்டுறது ரவுனில இருக்கிற நாங்க. எங்கட காசில அக்கரைக்கு ஏன் கிணறு?" என்றார் பட்டினத்துக் கடைக்காரரான உறுப்பினர். "தாகத்துக்கு வரி கட்டினவன் கட்டாதவன் எண்டு தெரியுமோ?" என்று இன்னொரு உறுப்பினரான வாத்தியார் கேட்டார். இரண்டு பக்கமும் வாக்குச் சமமாக விழ, தீர்க்கிற வாக்கு சேர்மனிடம் வந்தது. தேர்தல் கிட்டியிருந்தது. அவர் மரைக்கார் உட்காரும் வெறுங்கதிரையை ஒருதரம் பார்த்துவிட்டுக் கூரைக்குக் கை உயர்த்தினார். வெளியே வந்ததும் தமுக்குக்காரரைக் கூப்பிட்டு, "அக்கரைக்கு இதை வாசிக்க வேண்டாம். மரைக்கார் வந்ததும் நானே சொல்லுறன். அடுத்த வருசம் எப்படியும் கிணத்தை வெட்டிப் போடலாம்தானே" என்றார். அவர் மனசார நம்பித்தான் அதைச் சொன்னார்.

அக்கரைக்காரர் கிணறு வருகிறது என்றே இருந்தார்கள். மழை தொடங்குமுன் தோணி பிடித்து ரவுன் தண்ணீர் கொண்டுவர ஒரு ஏற்பாடு செய்யப் பார்த்தவர்கள், கிணறுதான் வருகிறதே என்று அதையும் விட்டுவிட்டார்கள். பிறகு அழுக்குத் தண்ணீரால் நெருப்புக் காய்ச்சல் வந்தது. மரைக்கார் ஹஜ் முடிந்து வந்து இறங்கியபோது வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயில் கிடந்தார்கள். அவர் ரவுனுக்கு வராமல் அங்கேயே நின்று பார்த்தார். கிணறு வரும், சேர்மன் சொன்ன சொல் தவறமாட்டார் என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னாராம். அவரும் அந்தப் பூவல் தண்ணீரைத்தான் குடித்தார். சேர்மன் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டிருக்கையில் மரைக்காரின் மையத்துச் செய்தி வந்து சேர்ந்தது. மிஞ்சிய சனம் பாலாவிப் பக்கமும் சிலாபப் பக்கமும் போய்விட்டது. அக்கரை வெறிச்சோடிப்போனது.

அதற்குப் பிறகு நடந்த சபைக் கூட்டத்தைப் போல் ஒன்றை நான் கண்டதில்லை. மறைத்த அறிவித்தலை அக்கரையில் வாசிக்க வேண்டும் என்று சேர்மனே பிரேரணை கொண்டுவந்தார். கதவுகளைத் திறந்து வைக்கச் சொன்னார். வாசலில் சனம் நின்றது. "ஆளில்லாத இடத்தில ஆருக்கு வாசிக்கிறது? செத்தவங்களுக்குக் கணக்குச் சொன்னா ஊர் எங்களப் பாத்துச் சிரிக்கும்" என்றார் கடைக்காரர். "அறிவிக்கிறது வட்டாரத்துக்கு. வட்டாரம் இன்னும் இருக்குத்தானே" என்றார் சேர்மன். மறுபடியும் வாக்குச் சமம். மறுபடியும் அதே கை உயர்ந்தது.

நல்ல உச்சி வெயிலில் சேர்மனும் தமுக்குக்காரரும் நானும் உப்பள வரம்பால் நடந்து போனோம். இரண்டு பக்கமும் உப்பு வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. அக்கரையில் கிடுகுகள் சரிந்து கிடந்தன. வேலிக் கதியால்கள் மட்டும் வேர் பிடித்துத் தளதளவென்று துளிர்த்திருந்தன, இலைகளுக்கு நடுவே சிரட்டைகள் வரிசையாக வாயை மேலே வைத்துக்கொண்டு. வராத அறிவித்தலுக்காக அவை நிமிர்ந்தே இருந்தன. தமுக்குச் சத்தம் எழும்பியது. திரும்பி ஒலிக்க வேண்டிய சத்தம் ஒலிக்கவில்லை. ஆட்கள் நிறைந்த அறையில் அடித்தது போல் அப்படியே அடங்கியது. நான் அறிவித்தலை வாசித்தேன். கடைசியில் சேர்மன், தாளில் இல்லாத ஒன்றைத் தானாகச் சொன்னார்: "இது என்ட வாக்கால நிறைவேறினது. உங்களுக்குச் சொல்லாம மறைச்சதும் நான்தான்."

அடுத்த மாதம் போனபோது சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. காற்றடித்தால் சிரட்டை விழுந்து உருண்டிருக்க வேண்டும். கவிழ்த்து அதே கவரில் பொருத்தி வைக்கக் காற்றுக்குத் தெரியாது. தமுக்குக்காரர் தான் அந்தப் பக்கம் வரவில்லை என்று சத்தியம் பண்ணினார். மணலில் ஒரு காலடியும் இல்லை. வேலி வேலியாகப் பார்த்துக்கொண்டு போனோம், ஒவ்வொன்றும் கவிழ்ந்திருந்தது. மரைக்கார் வீட்டுச் சிரட்டை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. சேர்மன் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். "அவனுக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கு" என்றார்.

அது என்ன கேள்வி என்று சேர்மனுக்கும் எனக்கும் தெரியும். என்ன செய்தார் என்பதை அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதாமாதம் சேர்மன் அக்கரைக்குப் போனார், நானும் கூடப் போனேன். என்னை வரம்பில் நிறுத்திவிட்டு அவர் தனியே அந்த வேலிக்குப் போவார். கதைப்பார். கதைத்துவிட்டு, எதிராளி பேச விடுகிறவரைப் போல் நிறுத்துவார். "ஓம்... ஓம்" என்பார். திரும்பி வரும்போது முகம் களைத்திருக்கும். ஒருநாள், தேர்தலுக்குப் பயந்ததைச் சொன்னேன் என்றார். இன்னொரு நாள், கூட்டாளியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததைச் சொன்னேன் என்றார். "அதெல்லாம் பதில் இல்லையாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, சொல்ல முடியாத இரக்கமும் இருந்தது. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும், "இந்த மாசம் போனீரோ? எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்டார். நிமிர்ந்திருக்கிறது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் சொல்லிப் பழகிய வாய்க்கு அன்றைக்கு ஒரு தரம்கூட வரவில்லை.

அவர் போன பிறகு, உப்பளத்தைப் பெருப்பிக்க அக்கரையை மட்டப்படுத்தினார்கள். அதற்கு முந்தின நாள் போய் அந்தச் சிரட்டையை மட்டும் எடுத்து வந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் போய்விட்டார். நான் வெறும் மொழிபெயர்ப்பாளன். ஆனாலும் கேள்வியை அங்கே உப்புக்குள் புதைய விட எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் சிலாபம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு மருமகளும் கூட வந்து நின்றாள். புறப்படுகிற அவசரத்திலும் அவள் மேசையைத் துடைத்துச் சிரட்டையைக் கவிழ்த்ததை நான் பார்த்தேன். அவள் முன்னால் நிமிர்த்த முடியாமல் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்து அவள்தான் கதவைத் திறந்தாள். சிரட்டை நிமிர்ந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கையிலிருந்த ஒரே பூட்டுத் திறப்பைப் பார்த்தாள், கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

"மாமா, இது ஆர்ட சிரட்டை?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அதைத் தூக்கி எறியவில்லை. இப்போதெல்லாம் துடைத்துவிட்டு அவளே நிமிர்த்தி வைக்கிறாள்.