நாலுமணி சொன்ன சாட்சி

கேரள எல்லையோரம் காரோட்டில் எங்கள் பத்து சென்டில் இப்போது ஆள் யாரும் இல்லை. தம்பி கல்ஃபுக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அவன் குடும்பமும் அங்கேயே தங்கிவிட்டது. மாதம் ஒரு தடவை நான் பஸ் ஏறிப் போய் எட்டிப் பார்ப்பேன். வீட்டைப் பார்க்க அல்ல, சத்தியமாக. முற்றத்தில் நிற்கும் நாலுமணிச் செடிகளைப் பார்க்க. மற்ற ஊர்களில் அந்திமந்தாரை என்பார்கள். எங்களுக்கு அது வெறும் நாலுமணி.

அந்த மண் எங்களுக்குக் கிடைத்ததே அந்தச் செடியால்தான்.

பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்த சமயம். அப்பா இல்லை. அம்மாவுக்கு வயிற்றில் ஆப்பரேஷன் என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நாங்கள் மூவரும் பத்து நாள் கிடந்தோம். திரும்பி வந்தால் குடிசையைக் காணோம். நிலத்துக்காரரின் காரியஸ்தன் அதைப் பிரித்துப்போட்டு, தரையைக் கொத்தி, நாங்கள் படுத்த இடத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பு நட்டிருந்தார். அவர் இன்று உயிரோடு இல்லை. இருந்தாலும் நான் மன்னிப்பதாக இல்லை.

மாமா வீட்டுச் சாய்ப்பில் ஒண்டிக்கொண்டு மனுப் போட்டோம். மழை முடிந்தபின் ஒரு நாள் மத்தியானம் கழிந்து ஆபீசர் ஒருவர் இடம் பார்க்க வந்தார். இங்கே குடிசையே இருந்ததில்லை, என்றைக்கும் இது மரச்சீனித் தோட்டம்தான் என்று காரியஸ்தன் கூசாமல் சொன்னார். அவருக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாட்சி யாராவது உண்டா என்று ஆபீசர் அம்மாவிடம் மலையாளத்தில் கேட்டார்.

"உண்டு சாரே. எனக்கு நாலுமணி உண்டாக்கும்" என்றாள் அம்மா.

குடிசை வாசலில் அவள் நட்ட செடியைத்தான் சொல்கிறாள். வெட்டி எறிந்தும் கிழங்கிலிருந்து அது மறுபடி தழைத்திருந்தது. ஆனால் பகலில் பார்த்தால் வெறும் களை. சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆபீசரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு யாரோ சாட்சி சொல்ல வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, கொல்லாமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார். திருத்த எனக்கென்ன பைத்தியமா?

நாலு தாண்டிற்று. ஆளும் வரவில்லை, பூவும் விரியவில்லை. இந்தப் பூவுக்கு ஆபீஸ் நேரம் தெரியாது போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டினேன். காரியஸ்தன் போகலாம் என்று அவசரப்படுத்தினார். ஆபீசர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் முதல் பூ விரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக. இடப்பக்கம் ஒரு வரிசை முழுக்க மஞ்சள். வலப்பக்கம் முழுக்க ரோஸ். நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. களை எங்காவது நிறம் பிரித்து வரிசையாக முளைக்குமா?

அம்மா அந்த இடைவெளிக்குப் போய் நின்றாள். எங்கள் பக்கத்தில் வாசற்படியை நட என்போம்.

"இதாக்கும் எங்க நட. கேறி வாருங்க சாரே."

அவர் பூக்களைப் பார்த்தார். காரியஸ்தனைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மரச்சீனிக்கு நடுவே, இல்லாத வீட்டுக்குள், வெறுங்காலோடு நின்றுதான் எழுதினார்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் பிள்ளைகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பட்டயம் கிடைத்தது. பின்னால் தம்பி புது வீடு கட்டும்போது செடிகளைப் பிடுங்கப் பார்த்தான். வீட்டைக் கொஞ்சம் பின்னே தள்ளிக் கட்டு மக்கா என்று அம்மா தடுத்துவிட்டாள்.

இப்போது அம்மாவும் இல்லை. போன வாரம் நான் போய்ச் சேரும்போது மணி நாலரை. இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் ரோஸ். வீட்டுச் சாவியை எடுத்துவர மறந்திருந்தேன். அதனால் என்ன? செருப்பைக் கழற்றிவிட்டு நட வழியே கேறிப் போனேன்.